கபர்னே சோவிஞ்ஞோன்: திருகோணமலை வெயிலில் செய்யக்கூடாதவை

சீசன் தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் பார்களுக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். தக்கை திறப்பதும் ஊற்றுவதும் சீக்கிரம் பழகிவிடும். வெள்ளைக்காரர் அதிகம் கேட்கும் இந்தச் சிவப்பு வைனை அவர்கள் வைத்திருக்கும் விதம்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அலுமாரியில் அடுக்கி வைப்பது

"நாள்பட நாள்பட நல்லா வரும்தானே அண்ணே" என்பார்கள். பாதிதான் சரி. கபர்னே திராட்சை சிறிய பழம், தோல் தடிப்பு. அதனால் டானின் எனும் துவர்ப்பு அதிகம். கபர்னே சேரும் நல்ல பிரான்ஸ் போர்டோ வைன்கள் பல வருடம் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவை உறங்குவது 12, 13 பாகை குளிர்ந்த நிலவறையில். கச்சான் காற்று வீசும் மாதத்தில் நம் அலுமாரிக்குள் 30 பாகைக்கு மேல்.

ஒரு கடற்கரை ஹோட்டலில் காலை வெயில் நேரே விழும் தட்டில் ஒரு பெட்டி கபர்னேயை நிறுத்தி வைத்திருந்தார்கள். பார் மூடினால் ஏசியும் நின்றுவிடும். விருந்தினர் கேட்ட போத்தலில் தக்கை துருத்தி நின்றது, உறைக்குள் பிசுபிசுப்பு. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். கிளாஸில் காய்ச்சிய ஜாம் மணம். மாற்றிக் கொடுத்ததும் அப்படியே. முதலாளி இறக்குமதிக்காரரைத் திட்டினார். பெட்டி முழுவதும் சமையலறைக்குப் போனது.

இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். வைன் குளிரூட்டி இல்லையா, சாதாரண பிரிட்ஜ் போதும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். அலுமாரி அழகுக்கு வெற்றுப் போத்தல்களை அடுக்கலாம்.

சூடாகப் பரிமாறுவது

16 முதல் 18 பாகை. ஐஸ் தண்ணீர் வாளியில் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள்.

கறிமிளகாய் வாசனையைப் பழுது என்பது

பழுதில்லை. கபர்னே பிராங்கும் சோவிஞ்ஞோன் பிளாங்கும் கலந்து பிறந்த திராட்சை இது. 1997இல் மரபணுச் சோதனை அதைக் காட்டியது. அந்தப் பச்சை வாசனை பெற்றோர் இரண்டிலும் உண்டு. பழம் சரியாகப் பழுக்காவிட்டால் தூக்கலாகத் தெரியும்.

நண்டுக் கறியோடு சிபாரிசு செய்வது

உறைப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். மீனோடு இரும்பு ருசி தட்டும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியைச் சுட்டுக் கொடுங்கள், துவர்ப்பு அடங்கும்.

போயாவுக்கு முந்தின இரவு கிளாஸ் விற்பனைக்குப் புதுப் போத்தல் திறப்பது

வேண்டாம். போயா பௌர்ணமி நாள், பொதுவாக மது விற்பனை இல்லை. திறந்த போத்தல் வீணாகும்.