ஆள பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களா? மொதல்ல ஒரு சிஆர் கொப்பி வாங்குங்க

நான் லோயர் இல்ல. லோயர்மாருக்குப் பின்னால ஃபைல தூக்கிக்கொண்டு ஆறு வருசமா திரியிற ஆள். சித்தப்பாட மகன திருகோணமலை உப்புவெளியில வீட்டு வாசல்ல வச்சு ஏத்திக்கொண்டு போன நாள்ல இருந்து படிச்சதத்தான் எழுதுறன், ஏனெண்டா இப்பவும் யாராவது அழுதுகொண்டு போன் எடுத்தா ஒரே கேள்விதான் வருது, இப்ப என்ன செய்யிற?

ஒரு கொப்பி வாங்குங்க. தாள் இல்ல, கழண்டு போகாத சிஆர் கொப்பி. எத்தின மணிக்கு வந்தாங்க, எத்தின பேர், யூனிபோமா சிவிலா, வாகன நம்பர், எந்தப் பிரிவு எண்டு சொன்னாங்க, என்ன காரணம் சொன்னாங்க, பார்த்துக்கொண்டு நிண்ட ஆக்கள் யார், எல்லாம் அண்டைக்கே எழுதுங்க, நாளைக்கு எழுதினா மணித்தியாலம் மாறிப் போகும். காரணம் சொல்லாம பிடிக்கேலாது, இலங்கை அரசியலமைப்பு 13ம் உறுப்புரையிலயே இருக்கு. சண்ட பிடிக்காம, எங்க கொண்டு போறீங்க எண்டு மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்க. இந்த ஊர்ல இருந்துகொண்டு வாகன நம்பர சின்ன விசயமா நினைக்கேலாது. 2008, 2009ல கொழும்புப் பக்கம் கடத்தின பொடியன்மாரோட சேத்து 11 பேர இங்க நேவி முகாமுக்குள்ள வச்சிருந்ததா வழக்கே இருக்கு, 2015ல ஐநா குழுவும் வந்து அந்த இடத்தப் பார்த்திட்டுப் போனது.

பிறகு பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதி என்றி நம்பர வாங்குங்க. தனியப் போகாதீங்க, ஒரு வயசான ஆளையாவது கூட்டிக்கொண்டு போங்க. அதே நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சொல்லோணும், திருகோணமலையிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு, நேரங்கெட்ட நேரமெண்டா 1996க்கு அடிக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில ஒராள பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது பிடிச்சவங்கட கடமை. அறிவிச்சாங்களா எண்டு கேட்டு, பதில கொப்பில எழுதுங்க. முறைப்பாட்டு இலக்கம் இல்லாம வெளிய வராதீங்க.

அடுத்தது எந்தச் சட்டம் எண்டு தெரியோணும், மிச்சமெல்லாம் அதிலதான் இருக்கு. சாதாரண சட்டமெண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டு வரோணும். 1979ல தற்காலிகம் எண்டு கொண்டுவந்து 1982ல நிரந்தரமாக்கின அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டமெண்டா 72 மணித்தியாலம், இல்லாட்டி அமைச்சர்ர தடுப்புக்காவல் கட்டளை, நாங்க சொல்ற டிஓ. அது மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுவாங்க. முந்தி 18 மாசம் வரைக்கும், 2022ல திருத்தி 12 மாசமாக்கினாங்க. வழக்கே இல்லாம ஒரு வருசம், அதுக்குப் பேர் திருத்தமாம். டிஓட பிரதிய எழுத்தில கேளுங்க, தராட்டி தரல்ல எண்டும் திகதி போட்டு எழுதுங்க. நீதவானிட்ட பிணை கேட்டு காச செலவழிக்காதீங்க, சட்டமா அதிபர்ர சம்மதம் இல்லாம அவரால விடேலாது. ஐசிசிபிஆர் எண்ட குடியியல், அரசியல் உரிமைகள் சட்டத்தில பிடிச்சாலும் பிணை மேல்நீதிமன்றத்திலதான், அதுவும் விசேட காரணம் காட்டோணும். 2024 மே மாசம் சம்பூர் பக்கம் போரில செத்தவங்கள நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினதுக்கே பொம்பிளையளையும் பிடிச்சவங்கதானே, அதால நாங்க ஒண்டும் செய்யல்ல, எங்களுக்கு வராது எண்டு யோசிக்காதீங்க.

உள்ள இருக்கிறவருக்கு முதல் தடவ பார்க்கக் கிடைக்கேக்க சொல்ல வேண்டியது ஒண்டே ஒண்டு. விளங்காத மொழியில எழுதினதுக்கு கையெழுத்தும் இல்ல, பெருவிரலும் இல்ல. சாதாரண வழக்கில பொலிசிட்ட குடுத்த வாக்குமூலம் சாட்சியாகாது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில ஏஎஸ்பி, அதாவது உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில ஒராள் எடுத்தா சாட்சி. அடிச்சு வாங்கினதெண்டா அத நிரூபிக்க வேண்டியது அடி வாங்கினவர்! மட்டக்களப்புப் பக்கத்து சிங்கராசா எண்ட தமிழ் மட்டும் தெரிஞ்ச மனுசன்ர வழக்கத் தேடிப் பாருங்க, சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில பெருவிரல் வச்சதால 50 வருசம் விழுந்தது, மேன்முறையீட்டில 35 ஆச்சு. 2004ல ஐநா மனித உரிமைக் குழு பிழையெண்டு சொல்லியும் 2006ல உயர்நீதிமன்றம் ஏற்கல்ல. ஆனா அடி தாங்கேலாம வச்சுட்டு வந்தவர ஏசாதீங்க. எப்ப, எங்க, யார் முன்னால வச்சவர் எண்டு மெதுவா கேட்டு எழுதுங்க.

நாங்க விட்ட பிழை இதுதான், நல்லா வாசிங்க. அடிப்படை உரிமை மீறல் மனு உயர்நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாசம்தான் தவணை. ஒரு பெரிய மனுசன் பொறுங்க, கதைச்சு எடுத்துத் தாறன் எண்டார், நாங்களும் பொறுத்தம், 34 நாள் போயிட்டு. அந்த ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திருந்தா அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது, அதுதான் முதல்லயே அந்த இலக்கத்த வாங்கச் சொன்னது. விசாரணை நடக்குது எண்டு கடிதமும் எடுத்து வைங்க, கோட்ஸ்ல கேப்பாங்க. மனுவ அவர் போடோணும், இல்லாட்டி அவருக்காக லோயர் போடோணும், அம்மா நேர போடேலாது. காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க.

ஆள் எங்க எண்டே தெரியாட்டி, இல்லாட்டி சட்டமில்லாம வச்சிருந்தா ஆட்கொணர்வு மனு. அதுக்கு எல்லாரும் கொழும்புக்கு ஓடுறாங்க. கிழக்கு மாகாணத்துக்குள்ள வச்சிருந்தா திருகோணமலை மேல்நீதிமன்றத்திலயே போடலாம், 13ம் திருத்தம் தந்த அதிகாரம் அது. தமிழ்ல கதைக்கலாம், ரெண்டு நாள் சம்பளமும் மிச்சம்.

கொழும்புக்கு மாத்தினா ராத்திரி ரெயில்தான் வசதி, விடிய இறங்கி நேர போகலாம். அடையாள அட்டை, உறவு காட்ட பிறப்புச் சான்றிதழ் கொப்பி, கிராம சேவகர்ர கடிதம் மூண்டும் எப்பவும் பேக்ல கிடக்கட்டும். சாப்பாட்ட விட மனுசன்ர கை, கால், நடைய கவனிங்க. காயம் கண்டா லோயருக்கு அண்டைக்கே சொல்லி சட்ட வைத்திய அதிகாரிட்ட காட்டச் சொல்லிக் கேக்கோணும், காயம் ஆறினா சாட்சியும் ஆறிப் போகும். 2022 திருத்தப்படி டிஓல இருக்கிறவர நீதவான் மாசம் ஒருக்கா போய்ப் பார்க்கோணும், வந்தாரா எண்டு உள்ள இருக்கிறவரிட்டயே கேளுங்க.

பிடிச்ச நாள்ல இருந்து 12 மாசமாகியும் வழக்கு விளக்கம் தொடங்காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில பிணை கேக்கலாம். அந்தத் திகதிய கொப்பிட அட்டையிலயே சிவப்புப் பேனையால எழுதி, பதினோராம் மாசமே லோயர உலுப்பத் தொடங்குங்க. இடையில மாசம் ஒரு கடிதம் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு, பதிவுத் தபால்ல, அந்தத் துண்ட பத்திரமா வைங்க. பதில் வராதுதான், ஆனா பதில் வராத பத்துக் கடிதமும் கோட்ஸ்ல கதைக்கும். மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம 2020 மே மாசம் பிடிச்சாங்க, குற்றம் கவிதை, பிணை 2021 டிசம்பர்ல, விடுதலை 2023 டிசம்பர்ல. வெளிய இருந்த ஆக்கள் விடாமக் கதைச்சும் அவ்வளவு காலம் போனது.

வெளிநாட்டுக்கும் எழுதலாம், ஜெனீவாவில தன்னிச்சையான தடுத்துவைப்புக்கான ஐநா செயற்குழு குடும்பம் எழுதினாலும் எடுக்கும், இங்கத்தக் கோட்ஸ் எல்லாம் முடியோணும் எண்டும் இல்ல. ஃபேஸ்புக்கில போடுறத்துக்கு முன்னால லோயரிட்ட கேளுங்க. லட்சக்கணக்கில கேட்டு வாற தரகர்மார வாசல்லயே அனுப்புங்க, அவங்களுக்கு உங்கட கண்ணீர்ர விலை தெரியும், வேற ஒண்டும் தெரியாது.

கொப்பிய பக்கம் பக்கமா போன்ல படம் எடுத்து வேற ஊர்ல இருக்கிற ஒராளுக்கு அனுப்பி வைங்க, வீட்டச் சோதிக்க வந்தா அதையும் கொண்டு போவாங்க. முடிஞ்சா அடுத்த கொப்பிக்கு இலக்கம் போடுங்க. தம்பி பிணையில வந்திட்டான், வழக்கு இன்னும் தவணையிலதான் கிடக்கு, எங்கட வீட்டில இப்ப ஓடுறது ஏழாவது கொப்பி.