கண்ணெதிரே பாம்பு: நாம் செய்யும் தவறுகள்

கொல்லையில் பாம்பைக் கண்டதும் ஒருவர் கம்பு தேடுவார், இன்னொருவர் செல்போனை எடுப்பார். இரண்டு பேருமே பாம்பை நோக்கித்தான் போகிறார்கள். பாம்போ ஒளிய ஒரு பொந்து கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணில் பட்ட பாம்பிடம் கடி வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான். தெரிந்தோ தெரியாமலோ இடைவெளியைக் குறைப்பது நாம்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நம் பக்கத்தில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும்தான்.

முதல் தவறு, அடித்துக் கொல்லப் போவது. நாலடிக் கம்போடு போகிறவர் அடி ஓங்கும்போது அவருடைய கால் பாம்புக்கு மூன்று, நான்கடி தூரத்தில் இருக்கும். முதல் அடியிலேயே பாம்பு சாவது அபூர்வம். அடிபட்டுத் திரும்பும் பாம்புக்கு அந்தத் தூரம் போதும். செத்துவிட்டது என்று நினைத்துக் கையால் தூக்குவதும் ஆபத்தே. தலை துண்டான பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த வாய் கடிக்கும், விஷமும் இறங்கும். பாம்பைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனி விஷயம்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? பாம்பு பொதுவாகத் தன் உடல் நீளத்தில் பாதித் தூரம்வரை பாய்ந்து கொத்தும் என்பது தோராயக் கணக்கு. நல்ல பாம்பு படமெடுத்து எவ்வளவு உயரம் எழும்பி நிற்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குத்தான் அதன் கொத்து எட்டும். கண்ணாடிவிரியன் அப்படியல்ல. மலைப்பாம்புக் குட்டி மாதிரி மந்தமாகச் சுருண்டு கிடக்கும், குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும், பாய்ந்தால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மந்தமாகக் கிடப்பதை நம்பி அருகில் போய்க் கடிபட்டவர்கள் பலர். வயலிலும் வீட்டிலும் நின்றுகொண்டு இன்ன பாம்பு, இவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் எந்தப் பாம்பானாலும் குறைந்தது ஏழடி, இடம் இருந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே காலடியில் கண்டுவிட்டால் துள்ளிக் குதிக்காதீர்கள். அப்படியே அசையாமல் நின்று, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, மெதுவாக அடி எடுத்து வையுங்கள்.

போட்டோ எடுக்கிற ஆசை இப்போது கம்பைவிடப் பெரிய ஆபத்தாகிவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தூரம் தெரியாது. படம் வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்து எடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையும் அல்ல இது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருவது அவர்கள் வேலை. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகிய கைகள் அவை. அந்த அறிவு நமக்கு இல்லை என்று ஒப்புக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பலரும் அதை மூலையில் மடக்கப் பார்க்கிறார்கள். தப்பிக்க வழியில்லாத பாம்புதான் எதிர்த்து நிற்கும். குழந்தைகளையும் நாய், பூனைகளையும் வெளியே கொண்டுபோங்கள். மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் துணியைத் திணியுங்கள். வெளிக்கதவு திறந்தே இருக்கட்டும். ஒரே ஒருவர் தூரத்தில் நின்று பாம்பு எங்கே நகர்கிறது என்று கவனித்தால் போதும். வனத்துறையோ தீயணைப்பு நிலையமோ ஆள் அனுப்பும்போது தேடுகிற வேலை மிச்சம். குட்டிதானே என்று அலட்சியமும் வேண்டாம். கண்ணாடிவிரியன் குட்டிகளாகவே ஈனும், பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்த பாம்பைப் பற்றி. தெரியாத பாம்புதான் அதிகம் கடிக்கிறது. விறகுக் குவியலிலும் வைக்கோல் போரிலும் தென்னை மட்டைக்கு அடியிலும் பார்க்காமல் கையை விடுவது, இருட்டில் வரப்பில் வெறுங்காலோடு நடப்பது, இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போவது எல்லாமே இடைவெளியை இல்லாமல் ஆக்கும் செயல்கள். விறகை எடுக்கும் முன் ஒரு கோலால் தட்டுங்கள். களை எடுக்கவும் அறுப்புக்கும் போகிறவர்களுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்ல காப்பு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடாமல், நிலத்துக்காரர்கள் வாங்கித் தரலாம். மனமிருந்தால் முடியாத செலவல்ல.

எனக்கு அதிகம் கவலை தருவது கட்டுவிரியன். பகலில் பதுங்கிக் கிடந்து இரவில் வெளிவரும். எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடச் சில சமயம் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். பிறகு இமை தானாக மூடும், விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கட்டிலில் படுங்கள். முடியாதவர்கள் தரையிலேயே கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவுக்காக வாங்கிய வலை பாம்பையும் தடுக்கும்.

வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டுவது, சிறியாநங்கை நடுவது, பூண்டைக் கரைத்துத் தெளிப்பது இவற்றை நம்பி டார்ச்சை மறந்துவிடாதீர்கள். நெல் மூட்டையை ஒழுங்காக அடுக்கி எலியைக் குறைப்பதும், வீட்டைச் சுற்றி ஓட்டை அடைப்பதும், குப்பையைக் கூட்டிவைக்காமல் இருப்பதுமே பலன் தரும்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த பாம்பைத் தேடி யாரும் புதருக்குள் போக வேண்டாம். அப்படிப் போனவரும் கடிபட்டு அதே ஆம்புலன்ஸில் ஏற நேரலாம். மருத்துவருக்குப் பாம்பு தேவையில்லை. இமை இறங்குகிறதா, ரத்தம் உறைகிறதா என்று உடலைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார். அந்த மருந்தும் நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது.