ஐஸ்லாந்து கடையில் உறைந்த உணவு வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் ஐஸ்லாந்து பழக்கமான கடை. 1970இல் மால்கம் வாக்கர், பீட்டர் ஹின்ச்கிளிஃப் என்ற வுல்வொர்த்ஸ் கடைத்தொடரின் ஊழியர்கள் இருவர் ஷ்ரோப்ஷரில் உள்ள ஆஸ்வெஸ்ட்ரி ஊரில் இதைத் தொடங்கினார்கள். அப்போது உறைந்த உணவை உதிரியாக நிறுத்துக் கொடுத்தார்கள். 1989இல் தன்னைவிடப் பெரிய உறைந்த உணவுக் கடைத்தொடரான பீஜாம் நிறுவனத்தையே இது வாங்கிவிட்டது. கடை எப்படி வளர்ந்தாலும், அங்கே வாங்கிய பொருளை நாம் கையாளும் விதத்தில்தான் காசும் போகிறது, சில நேரம் உடம்பும் கெடுகிறது.

முதலில் இறால். பை கனமாக இருக்கிறது, விலையும் மலிவு என்று எடுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டில் உருகியதும் பாதிச் சட்டிக்குக்கூட வருவதில்லை. உறைந்த இறாலைச் சுற்றி மெல்லிய பனிப் பூச்சு இருக்கும். காற்றுப் பட்டு வறண்டுபோகாமல் காப்பதற்காகப் பூசுவது அது, அதில் குற்றமில்லை. ஆனால் பனியை நீக்கிய நிகர எடையைப் பையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு எடைகள் போட்டிருந்தால் சிறிய எண்தான் உங்கள் இறால். அலமாரிச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பாருங்கள். ‘மூன்று எடுத்தால் பத்து பவுண்டு’ போன்ற சலுகைகளிலும் இதே கதைதான்: ஒரே சலுகைக்குள் வரும் பைகள் எல்லாம் ஒரே எடை இல்லை. கோழி நெஞ்சுக்கறி வாங்கும்போது சேர்மானப் பட்டியலையும் ஒருமுறை வாசியுங்கள். தண்ணீரும் உப்பும் சேர்த்த கறி குழம்பில் சுருங்கிப்போகும்.

பட்டாணிப் பையை எடுத்தால் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனித்தூள் நிறைந்திருந்தாலோ வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கலாம். வேறு பையை எடுங்கள்.

அடுத்தது கடைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நேரம். உறைந்த சாமான் வாங்கிய பிறகு தமிழ்க் கடைக்குள் நுழைந்து முருங்கைக்காய் பார்த்து, தெரிந்தவர்களோடு பேசி, பிறகு பஸ் ஏறுவது ஆகஸ்ட் வெயிலில் சரிவராது. மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாக ஐஸ்லாந்துக்குப் போங்கள், குளிர்காக்கும் பை ஒன்றும் கையில் இருக்கட்டும். நிறைய வாங்குவதானால் கடையே வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வசதியைக் கேளுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு உள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. கதவில் உள்ள நட்சத்திரக் குறியைப் பாருங்கள். ஒற்றை நட்சத்திரம் என்றால் ஒரு வாரம்தான் தாங்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். சாகாது, பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். கோழி நகெட்ஸ் வெளியே பொன்னிறமாக இருப்பதைப் பார்த்து வெந்தது என்று நினைத்துவிடுகிறோம். பல வகைகளில் மேல்மாவு மட்டும்தான் பொரிந்திருக்கும், உள்ளே பச்சைக் கறி. இப்படி மாவு பூசிய உறைந்த கோழியால் 2020இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோருக்கு சால்மொனெல்லா கிருமி தொற்றியது. பிள்ளைக்குப் பசிக்கிறது என்று நேரத்தைக் குறைக்காதீர்கள். உறையில் சொன்ன சூட்டில், சொன்ன நேரம் வரை வையுங்கள். நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும்.

சோளமும் அப்படித்தான். உறைந்த சோளத்தை உருக வைத்து அப்படியே சாலட்டில் போடுகிறவர்கள் அதிகம். 2015 முதல் 2018 வரை பிரிட்டன் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகளில் உறைந்த சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா கிருமித் தொற்றில் 47 பேர் நோயுற்றார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். அப்படியே சாப்பிடலாம் என்று உறையில் எழுதியிருந்தால் ஒழிய, கொதிக்க வைத்து ஆறவிட்டுப் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கோழியை இரவு முழுக்க சமையல் மேடையில் உருகவிடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். வெளிப்புறம் உருகி அறைச் சூட்டுக்கு வந்திருக்கும்போது நடுவில் இன்னும் கல்லாக இருக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், ஒரு கிண்ணத்தில் வையுங்கள். வடியும் தண்ணீர் மேலே உள்ள தக்காளியிலோ தயிரிலோ படக் கூடாது. மஞ்சள் போட்டுக் கழுவுவதையும் இந்த நாட்டின் உணவுத் தரக் கண்காணிப்பு அமைப்பு வேண்டாம் என்றே சொல்கிறது, தெறிக்கும் நீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும் என்பதால். மஞ்சளைப் பிரட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

முழுதாக உருகிய கோழியை 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். பச்சையாக மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. குழம்பாக்கிய பிறகு வைக்கலாம். ஆறியதும், ஓரிரு மணி நேரத்துக்குள், சிறு டப்பாக்களில் பிரித்துத் தேதி எழுதி வையுங்கள். ஒருமுறை வெளியே எடுத்துச் சூடாக்கிய குழம்பை அந்த வேளையிலேயே முடித்துவிடுங்கள்.