விக்கலா, விம்மலா?

இத்தாலிய மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்குபவர்களின் கைப்பிரதிகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். போன வாரம் வந்த ஒன்றிலும் அதே தவறு: காதலன் பிரிந்து போகிறான், விம்ம வேண்டிய காதலிக்கு விக்கல் எடுக்கிறது. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை மயக்கமெல்லாம் அகராதியைப் பார்த்தால் சரியாகிவிடும். இது அகராதியைப் பார்ப்பதால் வருகிற தவறு.

முதல் பொருளோடு அகராதியை மூடிவிடுவது

லத்தீனில் ‘சிங்குல்துஸ்’ என்ற ஒரே சொல் விக்கலுக்கும் உண்டு, விம்மலுக்கும் உண்டு. சாகும் தறுவாயில் தொண்டையில் இழுக்கிறதே, அதுவும் அதுதான். இத்தாலிய மொழியின் ‘சிங்கியோட்ஸோ’ விக்கல், விம்மல் இரண்டையும் வைத்துக்கொண்டது.

என் முதல் நாவலில் ஒரு சாவு வீடு. கணவனின் உடலைப் பார்த்ததும் மனைவி ‘ஸ்கொப்பியோ இன் சிங்கியோட்ஸி’. வெடித்து விம்மினாள் என்று அர்த்தம். ‘விக்கல் எடுத்தது’ என்று எழுதினேன். அடுத்த வரியில் யாரோ தண்ணீர் கொண்டு வருகிறார்கள். அதனால் சந்தேகமே வரவில்லை. அழுகிறவளுக்கும் தண்ணீர் கொடுப்பார்கள் என்பது தோன்றவில்லை. அச்சான பிறகுதான் தெரிந்தது. 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஒன்றை மறுபடி அடித்தார்கள், செலவு என் கூலியில் கழிந்தது.

இன்றும் எரிச்சல் வருவது பணத்துக்காக இல்லை. விடை அந்தச் சொல்லின் கடைசி எழுத்திலேயே இருந்தது. இத்தாலிய மொழியில் விக்கல் என்றால் பெரும்பாலும் ஒருமையில், ‘இல் சிங்கியோட்ஸோ’ என்பார்கள். வெடித்துக்கொண்டு வரும் விம்மல் பன்மை. ‘ஓ’வா ‘இ’யா என்று பார்த்திருந்தால் போதும்.

போர்ச்சுகீசிய ‘சொலூசு’வுக்கும் இரண்டு பொருள்தான், ஆனால் அங்கே பன்மை கைகொடுக்காது, விக்கலையும் பன்மையில் சொல்வார்கள். பக்கத்தில் அழுகைக்கான வினை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிரெஞ்சை வைத்து ஊகிப்பது

வேண்டாம். பிரெஞ்சு ‘சாங்லோ’ விம்மல் மட்டுமே, விக்கலுக்கு ‘ஒக்கே’. ஸ்பானிஷிலும் விம்மலுக்கு ‘சொயோஸோ’, விக்கலுக்கு ‘ஈப்போ’ என்று தனித்தனி. ருமேனியன் ‘சுகிட்ஸ்’ விக்கல்.

செய்தித்தாளிலும் அதே பொருளைப் போடுவது

‘அ சிங்கியோட்ஸோ’ வேலைநிறுத்தம் என்றால் விட்டு விட்டு நடப்பது.

தமிழில் ஒரு சொல்லோடு நிறுத்துவது

விம்மல், விசும்பல், தேம்பல், கேவல் எல்லாம் ஒன்றல்ல. குழந்தை தேம்பும், அடக்கி அழுகிறவள் விசும்புவாள். அப்புறம், லத்தீன் செய்ததைத் தமிழும் செய்திருக்கிறது. ‘நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்’ என்ற குறளில் விக்குள் சாவின் விக்கல். அழுகைக்கும் அதே வினை வரும். அந்தச் சாவு வீட்டை இன்று எழுதினால் ‘விக்கி விக்கி அழுதாள்’ என்பேன். தண்ணீரும் அப்படியே இருக்கட்டும்.