வெள்ளைப்புள்ளியும் ஐப்டேசியாவும் புகுந்த ரீஃப் தொட்டியை மீட்பது எப்படி?

ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், மீன் உடம்பில் உப்பைத் தூவினாற்போல் புள்ளி வந்து, நாலைந்து நாளில் மறைந்துவிட்டதா? நோய் போகவில்லை. வெள்ளைப்புள்ளியைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி 3 முதல் 7 நாள் மீனின் தோலுக்குள் தின்று பெருத்து, உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டியிருக்கும். கூடு உடைந்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் கிளம்பும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். அங்கேதான் நாம் மடக்கப் போகிறோம்.

1. எல்லா மீனையும் வெளியேற்றுங்கள்

புள்ளி இல்லாத மீனையும் சேர்த்துத்தான். ஒன்று தங்கினாலும் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு ஆயிற்று. சிறு மீன் இரண்டு மூன்றுக்கு 40 லிட்டர் மருத்துவத் தொட்டி போதும். ஹீட்டர், ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள் வையுங்கள். மணலும் பாறையும் காப்பரை உறிஞ்சும், வேண்டாம்.

2. காப்பர், 30 நாள்

கீலேட்டட் காப்பரை (நீரில் கரைந்தே நிற்கும்படி வேறு சேர்மத்தோடு பிணைத்த செம்பு மருந்து) மூன்று நான்கு நாளில் படிப்படியாக 2.5 பிபிஎம் (லிட்டருக்கு 2.5 மில்லிகிராம்) வரை ஏற்றுங்கள். 40 லிட்டருக்கு மொத்தம் 100 மில்லிகிராம் காப்பர். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிக்கும், கூடினால் மீன் சாகும். ஆகவே டிஜிட்டல் காப்பர் மீட்டர் வாங்கிவிடுங்கள். ஆவியான நீருக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர். நீர் மாற்றும்போதோ, புது உப்புநீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும்.

பலர் மீனை இழப்பது இங்கேதான்: அமோனியா ஏறியதும் அதைக் கட்டுப்படுத்தும் மருந்தை ஊற்றுவார்கள். காப்பரோடு சேர்ந்தால் அது கொடிய நஞ்சு. நீரை மாற்றுங்கள், வேறு எதுவும் ஊற்றாதீர்கள்.

3. ரீஃப் தொட்டி, மீனில்லாமல் 76 நாள்

சில கூடுகள் உடைய 70 நாளுக்கு மேலும் ஆகும். விளக்கு, பம்ப், ஹீட்டர் எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். இறால், நத்தைகளுக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி. அதில் வரும் அமோனியாதான் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் உயிரோடு வைக்கும். இங்கே காப்பர் ஒரு துளியும் கூடாது, பவளமும் இறாலும் மிஞ்சாது.

4. ஐப்டேசியாவை ஒழிக்க

ஐப்டேசியா என்பது பாறையில் ஒட்டிக் களைபோல் பெருகும் கடல் அனிமோன். கத்தியால் சுரண்டாதீர்கள். ஒட்டியிருக்கும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ நீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்தி, சிரிஞ்சால் அதன் வாயிலேயே வையுங்கள். 20 நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், பிஎச் தாவிவிடும்.

பாறை இடுக்கில் இருப்பவற்றுக்குப் பெப்பர்மின்ட் இறால் நல்ல துணை. கடைக்காரர் ஒட்டக இறாலைத் தந்துவிடப் போகிறார், பாருங்கள்: முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் இருக்கும், பவளத்தையே கொறிக்கும். பெப்பர்மின்ட் இறாலை 76 நாளின் முதல் நாளே விடுங்கள். இடையில் ஈரமான எதைச் சேர்த்தாலும், அதில் கூடு ஒட்டி வரலாம். 76 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

5. மீன் திரும்பும் நாள்

30 நாள் முடிந்ததும் நீர் மாற்றியும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டும் காப்பரை எடுத்துவிட்டு, மிச்ச நாட்களையும் மீன் அங்கேயே கழிக்கட்டும். பிறகு இரு தொட்டியின் உப்பளவும் (ஒப்படர்த்தியில்) 1.025 என ஒத்திருக்கிறதா பார்த்து, வாரத்துக்கு ஒன்றிரண்டாக விடுங்கள். மருத்துவத் தொட்டியின் வலையும் தண்ணீரும் ரீஃப் பக்கம் வரவே கூடாது.