ஜெர்மன் வகுப்பில் கம்ப்யூட்டர்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

மார்த்தாண்டத்தில் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிது. சிதறிக் கிடக்கும் சொற்களை மவுசால் இழுத்து வாக்கியமாக அடுக்கும் பயிற்சி ஒன்றை நானே செய்து கொண்டுபோயிருந்தேன். விடை, 'இஹ் கேஹெ ஹொய்டெ இன்ஸ் கிராங்கன்ஹவுஸ்'. அதாவது, நான் இன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். குலசேகரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை 'ஹொய்டெ கேஹெ இஹ்' என்று தொடங்கி அடுக்கினாள். திரையில் சிவப்பாகத் 'தவறு' என்று வந்தது.

"சாரே, இதும் சரிதானே? நேத்து நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

அவள் சொன்னதுதான் சரி. ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் நின்றால் போதும், 'இன்று' தாராளமாக முன்னால் வரலாம். ஒரே ஒரு விடையை மட்டும் பதிந்து வைத்தது நான். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்தும் போனேன். அவள் மறக்கவில்லை. அதன்பிறகு பல வாரங்கள் எந்த வாக்கியத்தையும் 'இஹ்' என்றே தொடங்கினாள். நான் நேரில் சொன்னதைவிடத் திரையில் வந்த சிவப்பு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி இப்படித்தான், பயிற்சியை உருவாக்கும்போதே நடந்துவிடுகின்றன. ஹாட் பொட்டேட்டோஸ் மாதிரி இலவச மென்பொருளில் மாற்று விடைகளைச் சேர்க்க இடம் இருக்கிறது. நிரப்பத்தான் நமக்குச் சோம்பல். வகுப்புக்கு முன்னால் பயிற்சியை ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள், அதுவும் வேண்டுமென்றே வேறு வேறு மாதிரி. பொருத்துகிற பயிற்சி என்றால் வலப்பக்கம் இரண்டு சொல் கூடுதலாக வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஜோடி எதுவும் தெரியாமலே கிடைத்துவிடும்.

அடுத்து விசைப்பலகை. 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதே ஓ-வின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் 'அழகான'. நம் கம்ப்யூட்டர்களில் அந்தப் புள்ளி எழுத்து நேரடியாகக் கிடையாது. பிள்ளைகள் அதைத் தேடியே பத்து நிமிடம் போய்விடும். சரி என்று ஜெர்மன் விசைப்பலகையை நிறுவினால் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக்கொள்ளும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புள்ளிக்குப் பதில் பக்கத்தில் 'e' என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவது ஜெர்மானியர்களே ஒப்புக்கொள்ளும் வழக்கம். அந்த விடையையும் பதிந்து வைத்தால் தலைவலி தீர்ந்தது.

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளை அப்படியே எடுப்பதும் வினைதான். அவற்றில் நிறைய இங்கிலீஷ்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. 'ஏனென்றால்' என்று தொடங்கும் 'வைல்' துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது அவர்களுக்குப் பெரிய மலை. நமக்கு அது பிறந்த வீடு. 'நான் வீட்டில் இருப்பதால்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அதில் இருபது கேள்வி எதற்கு? நாம் தடுக்கி விழுவது டேர், டீ, டாஸ் என்ற பால் காட்டும் சொற்களில். நேரத்தை அங்கே கொடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியிலும் இதே கதைதான். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் ஜெர்மனிலும் 'டூ', 'சீ' என்று அப்படியே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தமிழை முதலில் இங்கிலீஷாக்கி, அதை ஜெர்மனாக்குகிறார்கள். நடுவில் 'யூ' ஒன்றுதான், மரியாதை அங்கேயே கழன்றுவிடும். எண்பது வயது நோயாளியிடம் ஒரு நர்ஸ் 'நீ மாத்திரை போட்டியா?' என்று கேட்டால் எப்படி இருக்கும்!

உச்சரிப்பைச் சரிபார்க்கும் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 'உனக்கு' என்பதற்கும் 'விலங்கு' என்பதற்கும் ஜெர்மனில் முதல் எழுத்தின் ஒலிதான் வேறு, ஒன்றில் 'd', மற்றதில் 't'. நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டால் இரண்டுமே 'டீர்'. வாக்கியத்தில் வைத்துச் சொன்னால் செயலி சூழலைப் பார்த்து ஊகித்துப் பச்சை காட்டிவிடுகிறது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் மலையாளம் பழகியவர்களுக்கு இந்த ஒலிகள் சட்டென்று வரும். மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்த ஒரு ஆள் வேண்டும்.

ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ஹெட்போன் என்று உட்கார வைத்தால் பார்க்க அழகு. ஆனால் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் பேச்சுப் பகுதியைப் பொதுவாக இரண்டு பேர் சேர்ந்துதான் எழுதுவார்கள். எழுதுவார்கள் என்ன, பேசுவார்கள். நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும், பேச்சுக்கும் அதே கணக்குதான். அதனால் கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி இரண்டு. ஏன் இந்த விடை என்று அடுத்தவளிடம் ஜெர்மனில் சொல்லிவிட்டுத்தான் கிளிக் செய்ய வேண்டும். கேட்கும் பயிற்சியில் திரும்பப் போடும் பொத்தானையும் கட்டுப்படுத்துங்கள். தேர்வில் சில பகுதிகளை ஒரே முறைதான் கேட்க முடியும்.

வேகத்துக்கு மார்க் தரும் வினாடி வினா விளையாட்டு வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்புக்கு நல்லது. மற்ற நாட்களில் வேண்டாம். முதல் மூன்று பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் விடைப் பொத்தானின் நிறத்தைப் பார்த்துக் குத்துவார்கள்.

அப்புறம் மழை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் உண்டு, அக்டோபரிலும் உண்டு. நெட் போகும், கரண்டும் போகும். பயிற்சியைப் பென் டிரைவில் ஒன்று, ஜெராக்ஸில் பத்துப் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் அந்தப் பத்துத் தாள் எப்போதும் கிடக்கும், ஓரம் நனைந்து சுருண்டபடி.