நீலகிரியிலிருந்து கனடா போகிறவர்களுக்கு: ஹீட்டர் வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கமிருந்து கனடா போகிற பிள்ளைகளுக்கு ஒரு தெனாவட்டு உண்டு. சென்னைக்காரன் நடுங்கட்டும், நமக்கென்ன, தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற ஜனவரியிலேயே காலை பஸ் பிடித்துக் காலேஜ் போனவர்கள் நாம் என்று. வீட்டுக்கு வெளியே அது கொஞ்சம் செல்லும், உள்ளே செல்லாது. ஏனென்றால் நம் மலையில் வீட்டைச் சூடாக்கி யாருக்கும் பழக்கமில்லை. ஸ்வெட்டர், குல்லா, இரண்டு கம்பளி, சில வீடுகளில் அடுப்பில் கொஞ்சம் கரி, பழைய பங்களாவாக இருந்தால் ஒரு ஃபயர்பிளேஸ், அத்துடன் சரி. அங்கே மொத்த வீட்டையும் ஒரே மெஷின் சூடாக்குகிறது, அதற்கு உத்தரவு போடுவது ஹால் சுவரில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி, அதுதான் தெர்மோஸ்டாட். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது அது மக்கர் பண்ணினால் நாம் விறைத்துப்போவதோடு விஷயம் முடியாது, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து வீடே நாசமாகும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே காலை ஆறரை; டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் பெரும்பாலும் "அண்ணா, ஹீட்டர் வரலை" என்பதுதான் சேதி. டெக்னீஷியனைக் கூப்பிட்டால் வந்து எட்டிப் பார்ப்பதற்கே கணிசமாகக் கேட்பார்கள், ராத்திரி, ஞாயிறு என்றால் இன்னும் கூட. வந்தவர் பேட்டரியை மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால் வயிறு எரியும். அதற்காகத்தான் இது.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் சூடு தருவதில்லை. நம் வீட்டு கீசருக்குள் இருக்கிறதே, அதே சங்கதிதான்: சூடு போதவில்லை என்றால் இணைப்பைச் சேர்க்கும், போதும் என்றால் பிரிக்கும். வெறும் சுவிட்ச், கூடவே ஒரு கடிகாரம். திரையில் 'ஹீட் ஆன்' என்று வந்தால் 'நான் கேட்டுவிட்டேன்' என்று மட்டும்தான் அர்த்தம். கீழே ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் அந்த மெஷின்) கொடுத்ததா இல்லையா என்பது சாதாரண மாடல்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே தெர்மோஸ்டாட் கேட்கவில்லையா, கேட்டும் ஃபர்னஸ் கொடுக்கவில்லையா, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. (சீக்கிரம் சூடாகட்டும் என்று 30-இல் வைப்பவர்கள் கவனிக்க: சாதாரண ஃபர்னஸ் தன் வேகத்தில்தான் ஓடும். நிறுத்த மறந்தால் கேஸ் பில்தான் ஏறும்.)

கை வைப்பதற்கு முன் என்ன வகை என்று பாருங்கள். தரையிலோ சுவரடியிலோ இரும்புச் சல்லடை வழியாகக் காற்று வந்தால் அது ஃபர்னஸ் வகை. அதன் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட்தான், பயப்பட வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நீளமாகத் தகரப் பெட்டி இருந்தால் அது மின்சார பேஸ்போர்டு ஹீட்டர், கியூபெக் பக்கம் நிறைய. அதன் தெர்மோஸ்டாட்டுக்குள் பெரும்பாலும் 240 வோல்ட் ஓடும், ஒயர்களும் தடிமனாக இருக்கும். அந்த மூடியைக் கழற்றாதீர்கள். கீழே நான் சொல்லும் ஒயர் சோதனை அதற்குப் பொருந்தாது, செய்தால் ஆளுக்கே ஆபத்து.

திரை வெறுமையாக இருக்கிறதா? முதலில் பேட்டரி. வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரி போதும்; ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான் தரும், பல மாடல்கள் அதைப் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்றே எடுத்துக்கொள்ளும். பேட்டரி இல்லாத மாடல் என்றால் மின்சாரம் ஃபர்னஸிலிருந்து வருகிறது, எனவே பிரேக்கர் பாக்ஸை (நம் ஊர் எம்சிபி பெட்டி மாதிரி) பாருங்கள், அப்புறம் ஃபர்னஸுக்கென்று தனியாக இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். இந்தச் சுவிட்ச் பெரிய வில்லன். பார்க்க அச்சு அசல் விளக்குச் சுவிட்ச் மாதிரியே இருக்கும், பல வீடுகளில் பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே இருக்கும் தளம்) படிக்கட்டின் மேல் முனையில் விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், சில இடத்தில் மட்டும் சிவப்புத் தட்டு போட்டிருக்கும். கேத்தியிலிருந்து பிராம்ப்டன் போன ஒரு தம்பி வீட்டில், வந்துபோன விருந்தாளி நல்ல மனசோடு 'லைட்டை அணைத்துவிட்டு' போயிருக்கிறார். மூன்று பேர் விடிய விடிய ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வீடியோ காலில் சுவரைக் காட்டச் சொன்னேன், சிவப்புத் தட்டில் சுவிட்ச் கீழே பார்த்தபடி இருந்தது; அங்கே கீழே என்றால் ஆஃப்.

அதுவும் சரியாக இருந்தால் ஃபர்னஸின் முன்பக்க மூடி. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பாதுகாப்பு பட்டன் உண்டு, மூடி அதை அழுத்தினால்தான் மின்சாரம் போகும். காற்றிலிருக்கும் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை மாற்றிவிட்டு மூடியை அரைகுறையாக வைத்தால் எல்லாமே செத்துவிடும். உள்ளே இருக்கும் போர்டில் கார் ஃபியூஸ் மாதிரி 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதுவும் போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, அதே ஆம்பியரில் மட்டும் மாற்றுங்கள்.

திரை உயிரோடு இருந்தும் வீடு கண்ட நேரத்தில் குளிர்கிறது என்றால், பத்தில் எட்டுக்கு மெஷின் மேல் குற்றமில்லை, புரோகிராம்தான். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டில் ஒரு நாளை நாலாகப் பிரித்திருப்பார்கள்: எழும் நேரம், வெளியே போகும் நேரம், திரும்பும் நேரம், தூங்கும் நேரம். உங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் பத்து மணிக்குத் தூங்கியிருக்கும், அந்த நேரத்துக்கு 16-க்கு இறங்கும்படி போட்டிருப்பார்கள். நீங்கள் வேர்ஹவுஸில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு 22-க்கு ஏற்றுவீர்கள், அது அடுத்த கட்டம் வரைக்கும்தான் உங்கள் பேச்சைக் கேட்கும், காலையில் 'போகும் நேரம்' வந்ததும் பழையபடி இறங்கிவிடும். 'ஹோல்ட்' அழுத்தினால் புரோகிராமை ஒதுக்கிவிட்டு நீங்கள் சொன்னதிலேயே நிற்கும், 'ரன்' அழுத்தினால் புரோகிராமுக்குத் திரும்பும். புது வீட்டுக்குப் போன அன்றே பழைய புரோகிராமை மொத்தமாக அழித்து உங்கள் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி போடுங்கள், சோம்பலாக இருந்தால் 20-இல் ஹோல்ட் போட்டுவிட்டுப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். கடிகாரத்தில் காலை, மாலை மாறிப்போயிருந்தாலும் இதே கூத்துதான். மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே பல மாகாணங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். தானாக மாறாத மாடல் என்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு பட்டன். ஃபேன் 'ஆட்டோ'வில் இருக்க வேண்டும். 'ஆன்' என்றால் ஃபர்னஸ் தீ அணைந்த பிறகும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், "ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வருது" என்று பதறுவீர்கள். அப்புறம் அமெரிக்கா போனவர்கள் திரையில் 68 பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 20.

சரி, சோதனை. இதை முதல் உறைபனிக்குக் காத்திருக்காமல் செப்டம்பர் கடைசியிலேயே செய்வது நல்லது. மோடை 'ஹீட்'டில் வைத்து, அறையில் இருக்கிற அளவைவிட மூன்று டிகிரி கூட வையுங்கள். நிறைய மாடல்களில் 'டிக்' என்று சத்தம் கேட்கும். உடனே காற்று வராது, அவசரப்படக் கூடாது. ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்: முதலில் சின்ன ஃபேன் ஒன்று முனகும், அப்புறம் பற்றவைக்கும் கம்பி செக்கச் சிவப்பாகும் அல்லது தீப்பொறி தட்டும், கேஸ் 'புஸ்' என்று பிடிக்கும், அதற்கும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கழித்துத்தான் பெரிய ஃபேன் சுற்றி மேலே சூடு வரும். பட்டனை மறுபடி மறுபடி தட்டினால் பல மாடல்கள் ஐந்து நிமிஷம் காக்க வைக்கும், அது கோளாறு இல்லை.

இவ்வளவு பார்த்தும் ஃபர்னஸ் அசையவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை நடுவிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும். இது சொந்த வீட்டுக்காரர்களுக்கு, அல்லது வீட்டுக்காரர் சரி என்று சொன்னால். ஃபர்னஸ் சுவிட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டின் முன்பகுதியை மெதுவாக இழுத்தால் கழன்று வரும். பின்தட்டில் மெல்லிய ஒயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து. முதலில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சோம்பல்படாதீர்கள். ஆர் என்பது மின்சாரம், டபிள்யூ ஹீட், ஒய் கூலிங், ஜி ஃபேன், சி திரும்பிப் போகும் பொது ஒயர். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஒரு துண்டு ஒயரால் ஆர்-ஐயும் டபிள்யூ-வையும் இணைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். ஃபர்னஸ் எரிந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது, போனது தெர்மோஸ்டாட். கடையில் புதிது வாங்கி மாட்டினால் முடிந்தது. எரியவில்லை என்றால் தெர்மோஸ்டாட் பாவம் நிரபராதி, கோளாறு ஃபர்னஸிலோ நடுவில் ஓடும் ஒயரிலோ. ஆர்-ஐ சி-யோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். பார்த்து முடிந்ததும் மறுபடி சுவிட்சை அணைத்து ஒயரை எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் ஃபர்னஸ் நிற்காமல் ஓடும். ஹீட் பம்ப் (ஏசியைத் திருப்பி ஓட்டிச் சூடாக்குகிற வகை) வைத்த வீடுகளில் எழுத்துகளே வேறு மாதிரி இருக்கும், அங்கே இந்தச் சோதனை வேண்டாம். புதிதாக ஈகோபீ மாதிரி வைஃபை தெர்மோஸ்டாட் வாங்குவதாக இருந்தால் சுவரில் சி ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் கேட்டும் ஃபர்னஸ் கொடுக்காத வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இரண்டு. ஒன்று, தூசி அடைத்த ஃபில்டர்: காற்று போகாமல் உள்ளே சூடேறி, பாதுகாப்புக்காக ஃபர்னஸ் தீ தானே அணையும், ஆறியதும் எரியும், மறுபடி அணையும். நாம் தாளித்துக் கொட்டுகிற சமையலுக்கு மாதம் ஒரு தடவை ஃபில்டரை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று வெளியே. புது வகை ஃபர்னஸ்களுக்கு மூச்சு விடுவது வீட்டின் பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக. பனி கொட்டி அதை மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும். மண்வாரியோடு போய்ச் சுற்றிலும் தள்ளிவிட்டு வாருங்கள்.

திரை 22 காட்டுகிறது, உடம்பு 18 என்கிறதா? ஒரு தெர்மாமீட்டரைப் பக்கத்தில் தொங்கவிட்டு இருபது நிமிஷம் கழித்து ஒப்பிடுங்கள். ஒரு வீட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே சாமி அலமாரி, காலையும் மாலையும் விளக்கு. பெட்டி சூடாகி, வீடே சூடாகிவிட்டது என்று நினைத்து ஃபர்னஸை நிறுத்திவிடும். அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஒயர் வரும் சுவர் ஓட்டை வழியாகக் குளிர்காற்று வந்து பெட்டியைக் குளிர வைத்தால் ஃபர்னஸ் ஓயாமல் ஓடும், கொஞ்சம் புட்டி வைத்து அடைத்தால் போதும்.

ஏசியை மே மாதத்தில் இதே மாதிரி, மூன்று டிகிரி குறைத்து வைத்துச் சோதிக்கலாம். வெளியே 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் போடாதீர்கள், கம்ப்ரசர் கெட்டுப்போகும்.

ஹீட்டர் நின்ற ராத்திரியில் ஊர் ஞாபகத்தில் கரி மூட்டிக் கதவைச் சாத்தும் யோசனை வேண்டவே வேண்டாம். பூட்டிய அறையில் கரி அடுப்பு வைத்து உயிர் போன செய்திகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நமக்குப் புதிதல்ல. கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துக் குளிர்காய்வதும் அதே ரகம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அடித்தாலோ கேஸ் வாடை வந்தாலோ எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே போய் 911-க்கு அடியுங்கள்.

கடைசியாக, பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள். தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரர் ஹாலில் இருக்கும், அங்கே 21 ஆனதும் ஃபர்னஸ் நின்றுவிடும், கீழே உங்களுக்கு 17. உங்கள் அறைச் சல்லடைகள் முழுசாகத் திறந்திருக்கின்றனவா, கட்டிலோ பெட்டியோ அதை மறைக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் குளிர்ந்தால் தேதி, மணியோடு தெர்மாமீட்டரைப் போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு மெசேஜாகவே அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். டொராண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். நம் ஆள்தானே, என்ன நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கி மார்ச் வரை ஓட்டுகிறவர்கள் நிறைய. மெசேஜுக்குப் பதில் இல்லையென்றால் 311-க்குப் போன் போட்டு விலாசத்தைச் சொல்லுங்கள், நகராட்சியே வீட்டுக்காரரிடம் பேசும்.